பனி விழுந்தால் வருகிறேன்

நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் வீட்டுக்காரியும் நலம். இனி ஒளித்துப் பயனில்லை: ஜனவரிக் கடைசியில் நீ அத்தை ஆகப் போகிறாய்.

அவளுக்கும் அம்மா இல்லை. எனக்காவது நீ இருந்தாய். "உங்க அக்கா பக்கத்துல இருந்தா எனக்குப் பயமே இருக்காது. ஆனா அவங்கள நான் என்னன்னு கூப்பிடறது?" என்று தினமும் கேட்கிறாள்.

அன்று போனில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "உங்க ஊர்ல வெண்பனி விழுற அன்னைக்கு உன் வாசப்படி மிதிக்கிறேன்." வானிலை நிலையத்தில் வேலை பார்ப்பவனிடம் இப்படியா சொல்வது! எங்கள் நிலையத்துப் பெரியவரைக் கேட்டேன். "என் சர்வீஸ்ல ஒரே தடவை பாத்தேன். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள கரைஞ்சு போச்சு" என்கிறார். நாட்டின் இந்தத் தெற்கு ஓரத்தில் குளிர் வரும்போது காற்றில் ஈரம் இருக்காது. ஈரம் வரும்போது குளிர் இருக்காது. இரண்டும் ஒரே நாளில் வந்து சேர்வது ஒரு தலைமுறைக்கு ஒரு முறை நடந்தால் அதிகம். கொஞ்சம் சலுகை கொடேன். ஆலங்கட்டி மழை செல்லாதா?

உன் வாலு

நவம்பர் 25

தம்பிக்கு,

ஆலங்கட்டி செல்லாது.

இங்கே வடக்கில் பனி ஆரம்பித்துவிட்டது. விடிவதற்குள் பஸ் போகும் தெருக்களில் கிடக்கும் பனியை நான் ஓட்டும் லாரி வாரித் தள்ளியாக வேண்டும். பின்னால் பால் வண்டிக்காரன் ஹாரன் அடித்து உயிரை எடுக்கிறான்.

உன்னைத் தோளில் போட்டு வளர்த்தவளுக்கு, எல்லாம் முடிந்த பிறகு தபாலில் ஒரு கல்யாண போட்டோ வருகிறது! அந்தக் கவரைப் பிரித்த கை இன்னும் எரிகிறது. சொன்னது சொன்னதுதான். என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே உன் தையல்காரிக்கு வராது, கவலைப்படாமல் இருக்கச் சொல்.

அவள் நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? கால் வீங்கினால் தையல் மிஷினை மிதிக்க விடாதே.

அக்கா

டிசம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

அதிசயம்! நேற்று எங்கள் வாசலில் வெண்பனி விழுந்தது. போட்டோ வைத்திருக்கிறேன், பார். பெட்டியைக் கட்டு!

உன் வாலு

டிசம்பர் 22

அடேய்,

போட்டோவை லாரி ஷெட்டில் எல்லோருக்கும் காட்டினேன். சிரித்துச் சிரித்து மெக்கானிக்குக்கு விக்கலே எடுத்துவிட்டது.

உன் வாசலில் விழுந்த பனி பக்கத்து வீட்டுச் சுவரில் ஒரு பொட்டுகூட விழவில்லையே, ஏன்? கொடியில் துணி காய்கிறது. மூலையில் ஐஸ் கம்பெனிச் சாக்கு வேறு. காலமெல்லாம் பனியோடு மல்லுக்கட்டுகிறவளிடமா காது குத்துகிறாய்? வானிலை நிலையத்தில் உனக்கு எப்படி வேலை கொடுத்தார்கள்?

போட்டோவில் அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். நல்ல சிரிப்பு. ஆனால் வயிறு கீழே இறங்கியிருக்கிறது. ஜனவரிக் கடைசி என்றா டாக்டர் சொன்னார்? எனக்கு நம்பிக்கை இல்லை. அதைப் பார்த்ததிலிருந்து சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது.

அக்கா

ஜனவரி 9, காலை

அக்கா,

சத்தியமாக இது ஐஸ் கம்பெனி இல்லை. விழுந்துவிட்டது! கூரை, மரம், கொடியில் மறந்த துணி, எல்லாம் வெள்ளை. நிலையத்துப் பெரியவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்துகொண்டு தெருவில் நிற்கிறார்.

ஆனால் பஸ் இல்லை, ரயில் இல்லை. தபால் நிலையமும் பூட்டிக் கிடக்கிறது. உன்னைக் கூட்டிவர வேண்டிய பனி உன் வழியையே அடைத்துவிட்டதே என்று வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன். அவளுக்கு இடுப்பு லேசாக வலிக்கிறதாம். எதிர்வீட்டு நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்றார். அவளோ ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கரைந்த பிறகு வந்தால் செல்லுமா, அக்கா?

உன் வாலு

ஜனவரி 9, பஸ்ஸுக்குள்ளிருந்து

வாலு,

இதைக் கொண்டுவருபவர் எங்கள் பஸ் கண்டக்டர். உதவி கேட்க உங்கள் ஊருக்கு நடந்தே வருகிறார். முதலில் அவருக்குச் சூடாகக் குடிக்க ஏதாவது கொடு.

பஸ் உங்கள் ஊர்ப் பாலத்துக்கு வெளியே நிற்கிறது. நாலு விரல் பனிக்கு ஊரே கதவைச் சாத்திக்கொண்டதே, வெட்கமாக இல்லை? டிரைவர் பாவம், "பிரேக் போட்டா வண்டி டான்ஸ் ஆடுதும்மா" என்று அழாத குறை. பிரேக்கையே மறந்துவிடச் சொல்லியிருக்கிறேன். சக்கரம் வழுக்காமல் இருக்கப் பயணிகள் மண் அள்ளிப் போடுகிறார்கள், மேற்பார்வை நான். இருட்டுவதற்குள் உன் தெருவுக்கு வந்துவிடுவேன்.

ஒன்றை மட்டும் மண்டையில் ஏற்றிக்கொள். நான் புறப்பட்டது முந்தாநாள். உங்கள் ஊரில் நல்ல வெயில் அடிக்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுத்தேன். அந்த அறிக்கையை எழுதிய புண்ணியவான் நீயாகத்தான் இருப்பாய். பனி என் பின்னால்தான் வந்தது. "பனி விழுந்துச்சு, அக்கா வந்தா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தால் தோலை உரித்துவிடுவேன். நான் அவளுக்காக வந்தேன்.

வாசலில் பனியைத் தொடாதே, நான் வாரிக்கொள்கிறேன். அவளை வெளியே விடாதே, வழுக்கும். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டாளே, உன்னைப் போலவே கூப்பிடச் சொல்.

உங்கள் இருவருக்கும்
அக்கா