தூடா அறையின் மண்

என் மகளின் அப்பாவுக்கு,

நிலநடுக்கத்தில் இடிந்த வீட்டை அதே மண்ணால் கட்டி முடித்தாயிற்று. நீங்கள் நம் மகள் தூடாவின் உடலைத் தோண்டியெடுத்த அறையின் மண் மட்டும் குவியலாகக் கிடந்தது. "இதை ஆத்துல கொட்டிரட்டுமா, அக்கா?" என்று கொத்தனார் பிஹி தயங்கிக் கேட்டார். அதில் வைக்கோலைத் தூவி, தண்ணீர் விட்டு, நானே இறங்கி மிதித்தேன். அடுப்படிச் சுவரில் அதைத்தான் பூசினோம்.

காய்ந்ததும் அவள் உயரத்தில் ஒரு விரிசல் விட்டது. பிஹி அடைத்துப் பூசினார். மறுநாள் அதே இடத்தில் மறுபடி விட்டது. "மண்ணுன்னா வெடிக்கத்தான் செய்யும், பயப்படாதீங்க" என்று சொல்லிக் கரண்டியை எடுத்தார். இனிப் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

ரொட்டி சுடும்போது அந்த விரிசலிலிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வருகிறது. கன்னத்தை வைத்துக்கொள்கிறேன்.

இங்கே இனி கால் வைக்கமாட்டேன் என்று போனீர்களே, காசாபிளாங்காவில் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா?

அவளைப் பெற்றவள்