சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும்

உப்புவெளி,
திருகோணமலை.

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் வாய்மூடி இருந்தது போதும். முதலில், உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

"நீ கை வச்சபடியால்தான் ஸ்பீக்கர் பழுதாப் போச்சு" என்று முப்பத்தைந்து வருடமாகச் சொல்கிறீர்கள். மன்னார் வீட்டிலிருந்து நான் கொண்டுவந்த அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் நேற்றுத் திறந்தேன். ஒன்றில் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம் மாறி ஒட்டப்பட்டிருந்தன. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ள மற்றது இழுத்து, கனத்த ஒலியை விழுங்கியிருக்கிறது. ஒட்டின இடத்தில் சுற்றிய பிளாஸ்டரில் உங்கள் எழுத்து: '1989, பெரிய வியாழன்.' அந்தப் பாஸ்காத் திருநாளுக்கு நான் பள்ளி விடுதியிலிருந்து வீட்டுக்கே வரவில்லை.

கம்பிகளை மாற்றிப் பாட்டுப் போட்டேன். பக்கத்து அறை றிகாஸ் ஓடிவந்தான்.

"அண்ணே, சுவர் ஆடுது, குறையுங்கோ!"

"ஏலாது" என்றேன்.

அம்மா தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைப் பசாமாகப் பாடிய ஒலிநாடாவை அனுப்புங்கள். துறைமுகத்தில் வேலை முடிந்து வந்தால் இங்கே கேட்க வேறு குரலில்லை.

தபாற்கந்தோரைப் பூட்டப்போகிறார்கள். பிளாஸ்டரில் உங்கள் எழுத்தை நான் அடையாளம் கண்டேன்; என் எழுத்தை நீங்கள் கண்டுகொள்ளுங்கள். பெயர் போடாமலே அனுப்புகிறேன்.