அப்பா மட்ஜி வீட்டில் நிற்கிறார்

பென்டில் ஹில்,
தவக்காலம், ஞாயிறு பின்னேரம்

அன்புள்ள மகள் டிலக்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு இருக்கிற சுகத்தோடு நான் இருக்கிறேன், நீ அந்த எட்மன்டன் பனிக்குள் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போனில் கதைக்கலாமே, ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ இங்கிலீஷில் கேட்கிற வேகத்துக்கு எனக்குப் பதில் வருவதில்லை பிள்ளை. போன கிழமை நீ, அப்பா உங்களை விட்டிட்டுப் போயிட்டாரா என்று நேராகவே கேட்டாய். நான் கறி அடிப்பிடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் கறி ஒன்றும் இருக்கவில்லை. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு உன்னை அழ அழ அனுப்பினேன், அந்தப் படிப்பை வைத்து இதை மெல்ல மெல்லவாவது வாசி.

அப்பா என்னை விட்டுப் போகவில்லை. மலைக்கு அங்கால் மட்ஜி ஊரில் இருக்கிற எங்கள் வீட்டில் போய் நிற்கிறார். நத்தார்ப் பண்டிகை முடிந்து புல்லு வெட்டப் போனவர் இன்னும் அங்கேதான். நீ கனடாவுக்குப் போன பிறகு வாங்கியதால் அது உனக்குப் படத்தில் பார்த்த வீடுதான். அப்பா கோச் பஸ் ஓட்டிய காலத்தில் வைன் ருசி பார்க்கிற சனத்தை சனி ஞாயிறுகளில் மலை தாண்டி மட்ஜிக்கு ஏற்றிக்கொண்டு போவார். அவர்கள் தோட்டம் தோட்டமாய் இறங்கிக் குடிக்க, ஒரு சொட்டும் வாயில் வைக்காத மனுசன் வெளியில் நின்று திராட்சைக் கொடிகளையே பார்த்துக்கொண்டு நிற்பாராம். வேலையிலிருந்து இளைப்பாறினதும் அங்கே ஒரு வீடு வேண்டும் என்று பிடிவாதமாய் நின்றார். விடுமுறைக்கு நாங்கள் போகலாம், நீ வந்தால் உன்னையும் கூட்டிக்கொண்டு போகலாம், மற்ற நாட்களில் வருகிற சனத்துக்கு வாடகைக்கு விடலாம் என்றார். மன்னார் ஆட்களுக்கு வைன் ஊரில் விடுமுறை வீடோ என்று கோயிலில் பகிடி பண்ணினார்கள், எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். முதல் இரண்டு வருஷமும் அங்கே நல்லாய்த்தான் இருந்தது. பின் கதவைத் திறந்தால் வேலிக்கு அங்கால் முழுக்கக் கொடிகள், காலையில் அப்பா கதிரையை வெளியில் கொண்டுபோய்ப் போட்டுத் தேத்தண்ணி குடிப்பார்.

பிறகுதான் எனக்கு சிறுநீரகம் பழுதானது. உனக்கு அது தெரியும், ஆனால் முதல் நாள் நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் என்னை இரத்தம் சுத்தம் பண்ணுகிற மெஷினில் போட்டபோது அப்பா பக்கத்தில்தான் இருந்தார். குழாய்க்குள்ளால் என் இரத்தம் போகிறதைப் பார்த்தார், எழும்பினார், சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் வரவே இல்லை. கொண்டுவந்து விடுவார், வந்து ஏற்றுவார். பிறகு மட்ஜியில் தண்ணீர்க் குழாய் உடைந்தது, வேலி சாய்ந்தது என்று ஒரு நாள் போய் வந்தவர் ஒரு கிழமை நின்றார், இப்போது மாதக் கணக்காகிவிட்டது. வாடகைக்கு விடுகிறதையும் நிற்பாட்டிவிட்டார். பக்கத்து வீட்டு நாகேஸ்வரி அன்ரிதான் இப்போது என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறா. பின்னேரம் பின்னேரம் அப்பா தவறாமல் போன் எடுப்பார். சாப்பிட்டீரோ, தண்ணி அளவாய்க் குடிச்சீரோ என்று கேட்பார். அதற்கு மேல் எங்கள் இரண்டு பேருக்கும் கதை வராது. அங்கே நட்ட தக்காளி நல்லாய்க் காய்த்தது என்று போன மாதம் தெரிந்த ஒருவரிடம் ஒரு பெட்டி கொடுத்துவிட்டார். எனக்குத் தக்காளி ஆகாது, பொட்டாசியம் கூடிவிடும். அது அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றும் அவ்வளவு வடிவாய்ச் சிவந்து இருந்தது, நான் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் நின்றேன், பிறகு எல்லாவற்றையும் அன்ரியிடம் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் நல்ல ருசி என்று சொன்னேன்.

போன கிழமைக்கு முந்தின வியாழக்கிழமை அன்ரிக்கு நாரி பிடித்து இடுப்பு நிமிரவில்லை, கார் ஓட்ட ஏலாது என்றா. வேறு வழி இல்லாமல் அப்பாவுக்குப் போன் எடுத்தேன். மழைக்குள் மலைப் பாதையால் ஓடி வந்து சேர்ந்துவிட்டார் மனுசன். முகம் வாடி, தாடி வளர்ந்து இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கி, நீர் போம், காரை விட்டிட்டு வாறன் என்றார். நான் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவர் வரவில்லை. முடிகிற நேரம் நேர்ஸ் வந்து, தலையணை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் கதவடியில் கனநேரம் நின்றார், உங்களுடைய ஆளா என்று கேட்டா. ஓம் என்றேன். கீழே போய்ப் பார்த்தால் காருக்குள் இருக்கிறார், எனக்கென்று கொண்டுவந்த தலையணை மடியில். கதவு வரைக்கும் வந்தனான் பற்றிமா, உள்ளுக்க கால் வைக்க ஏலேல்லை என்றார். இவ்வளவு காலம் கோபப்பட வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த இடத்தில் எங்கே போனதோ தெரியவில்லை. அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன், கார் பார்க்கில் ஆட்கள் எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்து சொதி வைத்துத் தந்தார். சாப்பிட்ட பிறகு நான் கேட்டேன், அந்த வீட்டை வித்துப்போட்டு இங்கே வாங்கோ, எனக்குத் தனிய இருக்கப் பயமாய் இருக்கு என்று. ஓம், அதுதான் சரி என்றார். விடிய எழும்பி, ஏஜென்டோட கதைச்சுப்போட்டு வாறன் என்று வெளிக்கிட்டார். நான் நம்பினேன்.

நேற்றுப் போன் எடுத்தார். குரலில் ஒரு உற்சாகம், அப்படிக் கேட்டு எவ்வளவோ காலம். ஏஜென்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொண்டு எழும்புகிறதற்குக் கம்பி பூட்டியிருக்கிறாராம், பின் வாசல் படியை உடைத்துச் சாய்வாகக் கட்டியிருக்கிறாராம். நீர் சுகமாகி வரேக்க உமக்குக் கஷ்டமாய் இருக்கக் கூடாது, அறையில கட்டிலையும் ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டனான், படுத்துக்கொண்டே கொடியைப் பாக்கலாம் என்றார்.

பிள்ளை, நான் சுகமாகப் போவதில்லை. நீ உன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று சொன்னபோதே டொக்டர் சொல்லிவிட்டார், என் இதயம் அந்த ஒப்பரேஷனைத் தாங்காது, இருக்கிற வரைக்கும் மெஷின்தான், பெரிய ஆஸ்பத்திரியை விட்டுத் தூரம் போகவும் கூடாது என்று. அப்பாவும் அன்றைக்கு என் பக்கத்தில் இருந்து கேட்டவர்தான். தலையை ஆட்டினவர்தான். நேற்றுப் போனில் அவரிடம், நல்லது, கம்பி இறுக்கமாய் இருக்கோ என்று பாருங்கோ என்றேன்.

அதனால் ஒன்று கேட்கிறேன். அவரோடு சண்டை பிடிக்காதே. நீ கத்தினால் அவர் இங்கே வந்துவிடுவார், வந்து இந்த வீட்டுக்குள் என் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒவ்வொரு அறையாய்த் திரிவார், அதை நான் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அவர் வராமல் இருந்தாலும் எனக்கு ஏலாது. எதைக் கேட்பது என்று எனக்கே தெரியாதபோது உன்னிடம் என்னத்தைச் சொல்ல. வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே, லீவு கிடைக்கிற நேரம் வா.

நேரத்துக்குச் சாப்பிடு, இரும்புச்சத்துக் குளிசையை மறக்காதே, பனி வழுக்குகிற நாளில் கார் எடுக்காதே. மாதா உன்னை எந்த நேரமும் தன் கைக்குள் வைத்திருக்கட்டும். அப்பா உனக்குப் போன் எடுத்து, அம்மாவை எப்ப மட்ஜிக்குக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று கேட்பார். என்னிடம் கேட்கப் பயத்தில் உன்னிடம்தான் கேட்பார். திராட்சை பிடுங்கி முடியட்டும் அப்பா, பிறகு பார்ப்போம் என்று சொல்லு. 

உன் அன்பு அம்மா
பற்றிமா