பாலத்துப் படத்தில் கோப்பாய் அப்பம்மா

காரைநகர்
12.08.2025

அன்புள்ள பேத்தி நிவேதனாவுக்கு, உன் அம்மம்மா எழுதுவது. இங்கே என் முழங்கால் நோவைத் தவிர எல்லாரும் சுகம். நோர்வேயில் நீயும் சுகமாயிருக்க எங்கள் சிவனை வேண்டுகிறேன்.

முதலில் நல்ல செய்திகள். உன் மாமாவின் மூத்தவன் கோகுலன் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டராகிவிட்டான். இளையவன் சுபாங்கனுக்கு ஓ.எல். சோதனையில் ஒன்பது பாடத்துக்கும் ஏ. ஆனால் கடலுக்கு நடுவே கோபுரம் எழுப்பி, இரும்பு வடம் இழுத்துக் கட்டி, இரண்டு தீவைச் சேர்த்த எஞ்சினியர் நீ ஒருத்திதான். கடலைக் கடந்து ஊர்காவற்றுறைக்கு ஆட்களை ஏற்றும் மிதவைப் பாதையில் போகும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர்களுக்கு விளங்கப்படுத்துகிறேன். கப்பலில் கயிறு பாய்மரத்தைப் பிடிக்கும். உன் பாலத்தில் மரம் கயிற்றைப் பிடிக்க, கயிறு ரோட்டைப் பிடிக்கிறது. ஐந்தாம் வகுப்புப் படித்தவள் சொல்வது சரிதானே?

நீ தபாலில் அனுப்பிய திறப்புவிழாப் படம் கிடைத்தது. உன் கோப்பாய் அப்பம்மா பச்சைப் பட்டுக் கட்டி, அதற்கு மேல் ஆம்பிளைக் கோட்டும் போட்டு, தேங்காயோடு நிற்கிறா. நீ அவவின் தோளில் கை போட்டிருக்கிறாய்.

பிள்ளை, புது வள்ளம் கடலில் இறக்கும்போது அதன் முன்முனை அணியத்தில் தேங்காய் உடைப்பது எங்கள் வீட்டுப் பெண்கள். உன் அம்மப்பாவின் இரண்டு வள்ளத்துக்கும் நான்தான் உடைத்தேன். உன் அப்பம்மா அருமைநாயகி வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தவ. நயினாதீவுக்குப் போன அன்று லோஞ்ச் வெளிக்கிட முன்னமே ஓங்காளித்துச் சத்தி எடுத்து, "ஐயோ சம்பந்தி, என்னைக் கரையிலை விடுங்கோ" என்று என் சேலையைப் பிடித்தவ. அவதான் கடற்பாலத்துக்குத் தேங்காய் உடைத்தாவாம்! கோப்பாய்க்குத் திரும்பி வந்ததும் போன் எடுத்து, "பாலம் கொஞ்சமும் ஆடேல்லை சம்பந்தி, நீங்களும் வந்திருக்கலாமே" என்றா. "ஓம் ஓம், வெங்காயம் இப்ப என்ன விலை?" என்று கேட்டேன்.

"பேத்தி கேட்டவள்தானே, நீங்கள்தானே மாட்டன் எண்டனீங்கள்" என்கிறாள் உன் மாமி கேதீஸ்வரி. ஓம், கேட்டாய். "திறப்புவிழாவுக்கு வாறீங்களோ அம்மம்மா, ரிக்கற் போடட்டோ?" என்றாய். "எனக்கேன் பிள்ளை உந்தக் குளிர்" என்றேன். முதல் தரம் கூப்பிட்டவுடனே ஓம் என்று சொல்வது எங்கள் வழக்கமா? சாப்பிடக் கூப்பிட்டாலும் வேண்டாம் என்றுதான் சொல்வோம், திரும்பக் கேட்ட பிறகுதான் கை கழுவுவோம். நீ "சரி அம்மம்மா" என்று போனை வைத்துவிட்டாய். நான் ஒரு கிழமை போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருந்தேன். பாஸ்போட்டையும் தேடி எடுத்து வைத்திருந்தேன். அவ முதல் கேள்விக்கே ஓம் என்றிருக்கிறா.

ஒன்றை மறைக்க மனமில்லை. கத்தரிக்கோல் எடுத்து அவவைப் படத்திலிருந்து வெட்டிவிட்டேன். வெட்டின பிறகுதான் பார்த்தேன், அவவின் தோளோடு உன் கையும் போய்விட்டது. ஒட்டிப் பார்த்தேன், கோணலாக நிற்கிறது. கை இல்லாத பிள்ளையை எப்படிச் சுவரில் மாட்டுவது? அவவுக்கு இதைச் சொல்லிப்போடாதே.

நீ கட்டிய பாலம் நெடுங்காலம் நிற்கட்டும். அதில் போய் வருகிறவர்கள் எல்லாரும் உன்னை வாழ்த்தட்டும். அந்தப் பாலத்தில் நின்று புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. போனில் வேண்டாம், தபாலில் அனுப்பு. தனியாக நில். வலப்பக்கம் என்னளவு ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நில், ராசாத்தி.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மம்மா மகாதேவி