யார் பேரிலும் இல்லாத டோக்கன்

டப்ளின்
6.4.2025

அன்புள்ள வசந்தாமணி அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். குளிர்தான் தாங்கவில்லை. நீ கட்டிக்கொடுத்த பருப்புப்பொடி பாதி தீர்ந்துவிட்டது. என் மருமகள் நிலா பரீட்சை எப்படி எழுதினாள்?

போனில் சொன்னால் மறந்துபோகும், எழுதி அனுப்பு என்றாய். அதனால் இந்த மெயில். நம் கோழி செட்டில் சூடு ஏறினால் ஃபேன்களைப் போடுவதும், உங்கள் போனுக்கு எச்சரிக்கை அனுப்புவதும் என் பழைய கம்பெனியின் சர்வர்தான். ஒரு டோக்கனைப் பார்த்துத்தான் அது செட்டில் மாட்டியிருக்கும் கண்ட்ரோல் பெட்டியோடு பேசும். டோக்கன் என்றால் நீளமான ஒரு ரகசிய எழுத்துவரிசை, சாவி மாதிரி. மூன்று வருடம் முன்பு அவசரத்தில் அதை என் பேரில் போட்டுவிட்டேன். இந்த மாதக் கடைசியில் என் கணக்கை மூடுவார்கள். அதோடு சாவியும் செத்துவிடும்.

ஆள் பேரில் இல்லாமல் சிஸ்டத்தின் பேரிலேயே ஒரு டோக்கன் போட வேண்டும். ஏ.பி.ஐ. வழியாக, அதாவது சர்வரோடு நேராகப் பேசும் வழியில், ஒரே ஒரு கட்டளை அனுப்பினால் முடிந்தது. அந்த அதிகாரம் இப்போது மேனேஜர் சின்னுசாமி அண்ணனிடம் மட்டும்தான் இருக்கிறது. மாமாவை நேரில் போய்க் கேட்கச் சொல்.

அன்புத் தம்பி
வளவன்


மல்லசமுத்திரம்
15.4.2025

கண்ணு வளவனுக்கு,

நானும் உங்க மாமாவும் நாமக்கல்ல உங்க கம்பெனிக்குப் போயிட்டு வந்தோம். ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சுட்டு, "அதெல்லாம் நாங்க பாத்துக்கறமுங்க. வேலைய உட்டுட்டுப் போனவருக்கு எதுக்குங்க இந்தக் கவலை"ன்னு சின்னுசாமி சிரிக்கறாரு. எழுதிக் குடுங்கன்னேன். மாமா என் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு. வண்டியில வாரப்ப, "உன் தம்பி போறதுக்கு முன்னாடியே இத முடிச்சிருக்கலாமில்ல"ன்னாரு.

அங்கிருந்தே நீ அந்தக் கட்டளைய அனுப்ப முடியாதா? நிலா பரீட்ச நல்லா எழுதியிருக்கா. காதுக்குத் துணி கட்டிக்க.

அக்கா


டப்ளின்
17.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அனுப்ப முடியாது. இப்போது என் கணக்கில் பார்க்க மட்டும்தான் விட்டிருக்கிறார்கள். இன்று காலையும் பார்த்தேன், உங்கள் செட்டு என் பேர் டோக்கனில்தான் ஓடுகிறது. சின்னுசாமி அண்ணனுக்கு நாலு மெயில் போட்டுவிட்டேன். கட்டளையை வரி வரியாக நானே எழுதி வைத்தேன், அவர் அழுத்த வேண்டியதுதான் பாக்கி. பதிலே இல்லை.

முப்பதாம் தேதியிலிருந்து பெட்டியை நம்பாதீர்கள். சுவிட்சை ஆட்டோவிலிருந்து மாற்றி, எல்லா ஃபேனையும் கையால் போட்டுவிடுங்கள். இது ஒன்றை மட்டும் மறக்காதே.

வளவன்


மல்லசமுத்திரம்
5.5.2025

சாமி வளவனுக்கு,

எப்படி எழுதறதுன்னு தெரியல.

நீ சொன்ன மாதிரியே முப்பதாந்தேதி காத்தால மாமா சுவிட்ச மாத்துனாரு. சாயந்தரம் கம்பெனியிலிருந்து போன். "புது டோக்கன் போட்டாச்சுங்க, ஆட்டோவுக்கே மாத்திருங்க"ன்னாங்க. யாரு பேருலன்னு கேட்டேன். "சிஸ்டம் பேருலதானுங்க"ன்னாங்க. மாத்துனோம். மறுநாளும் நல்லாத்தான் ஓடுச்சு. உனக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும், சொல்லாம உட்டுட்டேன்.

அவிங்க ஒண்ணுமே போடல. மே ஒண்ணு லீவு, அதனால வெள்ளிக்கெழமதான் உன் கணக்க மூடுனாங்களாம். அதுவரைக்கும் உன் டோக்கன்லதான் ஓடியிருக்குது.

அன்னைக்குக் காத்தால மழத் தூத்தல். ரெண்டு ஃபேன் போதுமுன்னு பெட்டி அத மட்டுந்தான் ஓட்டிட்டிருந்துச்சு. நாங்க மூணு பேரும் ஜேடர்பாளையத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டோம். பதினோரு மணிக்குமேல சுள்ளுன்னு வெயிலு. மத்த ஃபேன் ஒண்ணும் ஓடல. போன் என் கையிலதான் இருந்துச்சு, ஒரு சத்தம் வரல.

மூணு மணிக்கு வந்து கதவத் தொறந்தா, அத்தன கோழியும் ஒண்ணுமேல ஒண்ணு கெடக்குது. மூச்சு இருந்ததுகள நிலா ஒவ்வொண்ணாத் தூக்கியாந்து வேப்பமரத்தடியில வெச்சுத் தண்ணி தெளிச்சா. பொழுது எறங்கறதுக்குள்ள அதுகளும் போயிருச்சு. குழி வெட்டிப் பொதைச்சோம்.

மாமா சரியா சாப்புடறதில்ல. உன் பேர எடுத்தா எந்திரிச்சு வெளிய போயிடறாரு.

அக்கா


டப்ளின்
6.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வெள்ளிக்கிழமை காலை என் கணக்கு திறக்கவில்லை. மூடிவிட்டார்கள் என்று தெரிந்தது. நீங்கள் கையால் போட்டிருப்பீர்கள் என்று நம்பி நிம்மதியாக வேலைக்குப் போய்விட்டேன். ஒரு போன் செய்திருக்கலாம்.

மாமா வண்டியில் கேட்டாரே, அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். மார்ச் கடைசி நாள் வரை டோக்கன் போடும் அதிகாரம் என்னிடமும் இருந்தது. கட்டளையைத் திரையில் எழுதி வைத்துக்கொண்டு சின்னுசாமி அண்ணனிடம் அனுமதி கேட்டேன். "விட்டுட்டுப் போறவன் போட்டுட்டுப் போன சாவின்னு நாளைக்குப் பேச்சு வரும், வேண்டாம், நான் பாத்துக்கறேன்" என்றார். எனக்கும் பயம். இங்கே டப்ளின் வேலைக்கு அவர் சான்று தர வேண்டியிருந்தது. அழித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

என்ன செய்தால் சரியாகும் என்று தெரியவில்லை. மாமாவிடம் நானே பேசட்டுமா?

வளவன்


மல்லசமுத்திரம்
18.6.2025

கண்ணு வளவனுக்கு,

பதில் போட இத்தன நாளாயிருச்சு. உன் காயிதத்த மாமாவுக்குப் படிச்சுக் காட்டுனேன். மறைக்க மனசு வரல. "தெரிஞ்சேதான் போயிருக்கறான்"னு ஒரே வார்த்த. நீ இப்பப் பேச வேண்டாம் சாமி.

நிலா போன வாரம் பெரிய மனுசி ஆயிட்டா. வர்ற ஞாயித்துக்கெழம சீரு. தாய்மாமன் எடத்துல சித்தப்பா மகன் மாதேஷ நிக்கச் சொல்லிட்டாரு மாமா. பத்திரிகையிலயும் அவன் பேருதான். நான் அடுப்படியில நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்.

வளவன் மாமா வராதான்னு நிலா கேட்டா. லீவு கெடைக்கலைன்னு சொல்லியிருக்கேன். அவ உனக்குப் போன் பண்ணுனா, நீயும் அப்படியே சொல்லிரு.

அக்கா
வசந்தாமணி