இரண்டாம் முறை அளந்தது

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதப் பேனா வரவில்லை.

செவ்வாய்க்கிழமை உன் அம்மாவுக்கு அடைப்பு இருக்கிற இதய ரத்தக்குழாயை அளந்தார்கள். மணிக்கட்டு வழியாக நூல் மாதிரி ஒரு குழாயை உள்ளே விட்டார்கள், அதன் நுனியை ஒரு மோட்டார் ஒரே சீராகப் பின்னால் இழுக்க, ரத்தக்குழாயின் உள்விட்டம் தானாகவே திரையில் வருகிறது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னை உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு புள்ளி ஒன்று மில்லிமீட்டர் என்று வந்தது. இருக்கறதுலயே சின்ன ஸ்டென்ட்டை எடும்மா, வெச்சுப் பாக்கலாம் என்று டாக்டர் நர்சிடம் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது. எத்தனை தடவை அளந்தீங்க என்று கேட்டேன். ஒரு தடவைதான் ஐயா, மெஷின் தப்புப் பண்ணாது என்றார் டெக்னீஷியன். லேத்தில் நாற்பது வருடம் நின்றவன் நான், யாரும் சொல்லித்தராமல் வெர்னியர் அளவுகோலில் அளவு பார்க்கக் கற்றவன், ஒரு பைப்பைக்கூட ஒரு தடவை மட்டும் அளந்து வெளியே அனுப்பியதில்லை. மறுபடி அளங்க என்று நின்றேன். என்னங்க, என்னையும் லேத்துல மாட்டிட்டீங்களா என்று உன் அம்மா உள்ளேயிருந்து கேட்க, நர்ஸ்கூடச் சிரித்துவிட்டாள். மறுபடி இழுத்தார்கள். ஒன்று புள்ளி எட்டு. ரத்தக்குழாய் விரிய மருந்து கொடுத்து மூன்றாவது தடவையும் பார்த்தார்கள், அதே எட்டு. ரெண்டுக்குக் கீழ போட எங்ககிட்ட ஸ்டென்ட் இல்லைங்க, பைபாஸ் பண்ணலாம்னா தைக்கவும் இடமில்லை என்று டாக்டர் கையுறையைக் கழற்றிவிட்டார். மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அது தானா அளக்கும்ப்பா, நீங்க தலையிடாதீங்க என்று நீ முந்தின நாளே போனில் சொன்னாய். தலையிட்டேன். நீங்க வாயை மூடிட்டு இருந்திருந்தா அம்மாவுக்கு வெச்சிருப்பாங்க என்று சொன்ன உன் அக்கா, அன்றிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. வைத்திருப்பார்கள்தான். சின்னத் துளையில் பெரியதைத் திணித்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். நான் கேட்டது சரி, பத்துப் பேர் வந்து தப்பு என்று சொன்னாலும் சரிதான். ஆனால் குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் உன் அம்மா நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறாள், மூச்சு வாங்குவது அடுத்த அறை வரை கேட்கிறது, அப்போது நான் சரியாக இருந்து என்ன பிரயோஜனம்.

வேறு ஆஸ்பத்திரி, வேறு மெஷின் என்று தேடி அனுப்பாதே. நீ வா. அவனுக்கு வேலை இருக்கும், எழுதாதீங்க என்றாள் உன் அம்மா, அதனால்தான் எழுதுகிறேன். லீவு கிடைக்கவில்லை என்ற கதை எனக்கு வேண்டாம். வந்து அவள் பக்கத்தில் உட்கார், என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். மறக்காமல் நீயும் டாக்டரிடம் நெஞ்சைக் காட்டிப் பார்த்துக்கொள், உன் உடம்பில் ஓடுவதும் அவள் ரத்தம்தான்.

உன் அப்பா