ஒழுகும் காதை மறைக்கமாட்டேன், மைனி

மைனி,

பக்கத்து வீட்டில் தேங்காய் எண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சுகிறார்கள். சமையலுக்கு இல்லை, யார் காதிலோ ஊற்ற. வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராகப் போய், சீழ் வந்தால் எண்ணெய் ஊற்றாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தம்மா முகம் சுண்டிவிட்டது. சுண்டட்டும்.

உங்கள் காதிலும் இதைத்தானே ஊற்றினார்கள்? சின்ன வயதில் சளி பிடித்து ஒழுக ஆரம்பித்த இடது காது. வலி இல்லை, நாற்றம் மட்டும்தான். ஆண்டாப் ஹில்லில் இருந்த உங்கள் வீட்டுக்கு அண்ணனுக்குப் பெண் பார்க்க நாங்கள் வந்த அன்று, இடது பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கும்படி உங்களை உட்காரவைத்திருந்தார் உங்கள் அம்மா. தலையில் அவ்வளவு மல்லிகை. கல்யாணத்துக்குப் பிறகு நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள்: "சீழ் வாடை தெரியக் கூடாதுல்லா, அதுக்குத்தான் அம்புட்டுப் பூ." அப்புறம் சர்ச்சிலும் சுவரோர இடம்தான் உங்களுக்கு.

வரவர டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள். எழுந்தால் தலை சுற்றியது. காதுக்குப் பின்னால் எலும்பு வலித்தது. அண்ணன் சூடு என்று சொல்லி மோர் குடிக்கச் சொன்னான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் கத்தினேன். காய்ச்சல் ஏறி, வாய் ஒரு பக்கம் கோணிய பிறகுதான் கூட்டிப்போனார்கள். செவிப்பறை ஓட்டைக்கு உள்ளே இருந்த நோய் எலும்பை அரித்து, சீழ் மூளைவரை போய்விட்டது என்றார் டாக்டர். வலிக்கவில்லை என்று நாறுகிற காதை விட்டுவைக்கக் கூடாதாம். யாரிடம் சொல்ல?

அடக்கத்தன்று எல்லோரும் கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்றார்கள். "அவரு மேல பழியப் போடாதிய. காதுல சீழ் வச்சுத்தான் மைனி செத்தாவ" என்றேன். அண்ணன் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது உங்கள் மகளுக்கும் காது ஒழுகுகிறது. பரம்பரை என்றார்கள். அதெல்லாம் இல்லை, சளியைக் கவனிக்காமல் விட்டது, போதாததற்கு ஹேர்பின்னை விட்டுக் குடைந்தது என்றார் டாக்டர். உடனே ஆபரேஷன் செய்யச் சொன்னார். அந்த நேரம் பார்த்து கோவண்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது. காதுக்குப் பின்னால் முடியை எடுத்துத் தையல் போட்டால் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள், நிச்சயம் முடியட்டும் என்றான் அண்ணன். அதே சுவரோர இடத்தை அவளுக்கும் பார்த்து வைத்துவிட்டான், மைனி!

நான் விடவில்லை. அவளைக் கேட்டேன், சரி என்றாள். டாக்சி பிடித்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தேன். எலும்பு அரிக்கத் தொடங்கியிருந்ததாம், நல்ல வேளை வந்தீர்கள் என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தபோது நானே எடுத்து, காது ஒழுகியது, ஆபரேஷன் ஆகிவிட்டது என்று உள்ளதைச் சொன்னேன். அப்புறம் அங்கிருந்து போன் இல்லை.

"எம் மக வாழ்க்கையக் கெடுத்துட்டியே" என்றான் அண்ணன்.

"உசிரோட இருக்காள்லா" என்றேன்.

நேற்று தலை வாரிவிடும்போது உங்கள் மகள் கேட்டாள்: "அம்மா இருந்தா யாரு பக்கம் பேசியிருப்பாவ, அத்தை?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "ஒங்கப்பா பக்கந்தான். ஒங்கம்மா பயந்தவிய."

"நீங்க?"

"எனக்குப் பயம் இல்ல, கோவம்."

கோபித்துக்கொள்ளாதீர்கள், மைனி. நீங்கள் போய் இத்தனை காலமாகியும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை, ஆற்றிக்கொள்ளவும் மாட்டேன். உங்கள் மகளுக்கு எப்போது கல்யாணம் நடந்தாலும் நடக்கட்டும். உங்கள் அம்மா உங்களுக்குக் கொடுத்தனுப்பிய அந்தப் பயத்தை நான் அவளுக்குச் சீதனமாகக் கொடுக்கமாட்டேன். என் கோபத்தைத்தான் கொடுப்பேன்.